தூசிக் கூட்டின் வாயில் கட்டிய நூல்

போன மாதம் நான் நகைப் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர், மெருகு மேசையில் தொங்கும் சிவப்பு நூலைக் காட்டி, அது எந்தக் கோயில் நூல் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர், "காப்பு நூல். கழட்டக் கூடாதாம்," என்று பதில் சொல்லிவிட்டார். கழற்றக் கூடாது என்பது சரி. ஆனால் அது கோயில் நூல் அல்ல. முத்துக் கோர்க்கும் பட்டு நூலில் ஒரு சாண் துண்டு. அதைத் தந்தவர் றெஜினா அக்கா. நீங்கள் இப்போது இருக்கும் மெருகு மேசையில் உங்களுக்கு முன் இருந்தவர்.

அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பிரியாவிடை நாளில் முதலாளி துளசி, கேக் வெட்டுவதற்கு முன் எழுந்து நின்று, பட்டறையில் தீப்பிடித்த கதையைச் சொன்னார். "மாமா மட்டும் அண்டைக்கு அந்தப் பெட்டியைத் திறந்திருந்தா இந்த வீடே இருந்திராது," என்றார். மாமா என்றது என்னை. எல்லாரும் கை தட்டினீர்கள். நான் கேக்கைச் சாப்பிட்டேன். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் இன்னும் சில வருடங்களில் அதுவே இந்தப் பட்டறையின் வரலாறாகிவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இங்கே கல் பதித்தவன். எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டோம், துணிச்சில்லு எப்போது மாற்றினோம், வெளியே மழையா பனியா, யார் பிந்தி வந்தார்கள் எல்லாம் எழுதுவேன். அந்தக் குறிப்பேடுகள் கல் பதிக்கும் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இன்னும் இருக்கின்றன. ஆண்டும் திகதியும் வேண்டுமென்றால் அங்கே பாருங்கள். இங்கே கிழமை போதும். இந்தக் கதை கிழமைகளில்தான் ஓடுகிறது.

இப்போது நீங்கள் பார்க்கும் மெருகு மேசைக்கு முன், அதே மூலையில் ஒரு பலகைப் பெட்டி இருந்தது. நடுவில் மோட்டார், அதன் இரண்டு பக்கமும் சுழலும் சில்லுகள், துணியால் செய்த மெருகுச் சக்கரங்கள். பெட்டியின் பின்புறத்தில் ஓட்டை போட்டு, வீடு கூட்டும் வக்கூம் கிளீனரின் குழாயைச் செருகியிருந்தோம். துளசியின் அப்பா தேவன் அண்ணைதான் அப்போது முதலாளி. அவரும் நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று செய்த வேலை அது. இரண்டு பேருக்கும் பெருமை.

மெருகு போடும்போது சில்லிலிருந்து பறப்பது தங்கப் பொடி மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரியும். துணி நார், மெழுகு, மெருகுக்குப் பூசும் சிவப்புக் கட்டியின் தூள் எல்லாம் சேர்ந்து ஒரு பஞ்சாகும். அந்தப் பஞ்சுக்குள் தங்கம் இருப்பதால் அதைச் சேர்த்து வைத்துச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவோம். பஞ்சு பெட்டிக்குள் விழுந்ததா, கிளீனரின் பைக்குள் போனதா, அது எங்களுக்குப் போதும். பைக்குள் நிற்காமல் போனது எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

றெஜினா அக்கா யாழ்ப்பாணத்தில் தையல் ரீச்சராக இருந்தவர். இந்தத் தொழிலை ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த பிறகுதான் பழகினார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கல் பதித்த நகையை மெருகுக்குக் கொடுக்கும்போது பதித்தவனுக்கு ஒரு பயம் இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய நகங்களைச் சில்லு தின்றுவிடும். அக்காவிடம் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை. எங்கே அழுத்துவது, எங்கே தொடாமல் விடுவது என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும். நான் பதித்தவற்றில் ஒரு கல்லும் அவர் கையில் விழுந்ததில்லை.

அவர் இரும ஆரம்பித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முழத் தூரம். ஒரு பொடிக் கல்லை வைத்து நகத்தை மடக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருமினால் கை துள்ளும். எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையை எழுதுவதென்றால் முழுக்க எழுதவேண்டும்: தேவன் அண்ணையிடம் முறையிட்டு, அக்காவின் மேசையையோ என் மேசையையோ தள்ளிப் போடச் செய்வதற்காகத்தான், அவர் இருமும்போதெல்லாம் குறிப்பேட்டில் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். முறைப்பாட்டுக்கு ஆதாரம் வேண்டுமல்லவா?

சில வாரங்கள் கழித்துப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் கோடுகள் கிழமைக் கணக்கில் நிற்பதைக் கண்டேன். திங்களில் ஒன்றோ இரண்டோ. புதனில் ஒரு வரி. வெள்ளியில் அந்த வரி நிரம்பி அடுத்த வரிக்கு இறங்கியது. மறுபடி திங்கள், மறுபடி ஒன்றோ இரண்டோ. கோடை விடுமுறைக்குக் கடை பூட்டித் திறந்த முதல் நாளில் கோடே இல்லை.

நான் வாசிக்கிறவன். இந்த ஊரின் சுரங்கத் தொழிலாளரைப் பற்றி நூலகத்தில் இருக்கும் தடித்த புத்தகங்களில் பாதியையாவது முடித்திருப்பேன். நிலக்கரித் தூசி மனிதரின் நெஞ்சை என்ன செய்தது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். என் பக்கத்து மேசையில் ஒருவர் வாரம் முழுக்கத் தூசி குடித்து, சனியும் ஞாயிறும் தேறி, திங்களில் மறுபடி குடிக்க வருகிறார் என்பதைக் காண எனக்கு என் சொந்த எரிச்சல் தேவைப்பட்டது.

தேநீர் நேரத்தில் குறிப்பேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இதை ஒருக்காப் பாருங்கோ."

"என்ன இது, கோலமோ?"

"உங்கட இருமல்."

"என்ர இருமலையோ எண்ணுறீர்? உமக்கு வேற வேலை இல்லையோ? இனி நான் தும்மினது, கொட்டாவி விட்டது எல்லாத்தையும் எழுதி..." இருமல் அந்த வசனத்தை முடிக்க விடவில்லை. என் கை தானாகப் பென்சிலை எடுத்தது. அவர் அதைப் பார்த்தார். கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னும் இருமினார்.

ஆனாலும் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்தியரிடம் கொண்டுபோனார். தெர்மின், அதாவது அவரைப் பார்க்க ஒரு நாள், கிடைக்க ஆறு வாரம். வைத்தியர் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு நீண்ட நேரம் பார்த்தாராம். பிறகு சொன்னது இவ்வளவுதான்: ஒன்றில் தூசி நிற்கவேண்டும், அல்லது நீங்கள் அந்த மேசையை விட்டு எழும்பவேண்டும். வசந்தத்தில் மறுபடி வாருங்கள், நெஞ்சு இப்படியே இருந்தால் இந்த வேலை வேண்டாம் என்று எழுதித் தருவேன்.

அக்கா இதைப் பட்டறையில் வந்து சொன்னபோது குரலில் கேலி இல்லை. "அந்த மேசையை விட்டா நான் வேற என்ன செய்யிறது? இந்த வயசில திரும்பவும் அவுஸ்பில்டுங்கோ? புதுத் தொழில் பழகிறதுக்கு ஆர் எனக்கு இடம் தருவினம்?"  அவர் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்.

தேவன் அண்ணை கெட்டவர் அல்ல. ஆனால் தன் கையால் செய்த பொருளைக் குறை சொன்னால் தாங்கமாட்டார். "நல்லாத்தானே இழுக்குது? இவ்வளவு காலமும் இழுத்ததுதானே?" என்றார். நான் விடவில்லை. காற்றோட்டக் கருவி பூட்டும் ஒரு நிறுவனத்துக்கு நானே எழுதினேன். ஒரு செவ்வாய் காலை அங்கிருந்து ஒரு ஜேர்மன் பெண் வந்தார். எங்கள் வயதில் பாதி இருக்கும். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயரை யாரும் குறித்து வைப்பார்கள் என்று எதிர்பார்த்து வேலை செய்தவர் அல்ல அவர். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆசான்களில் ஒருவராக அவரை நினைக்கிறேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. யன்னல் மறைப்புகளை இறக்கினார். ஒரு பெரிய டோர்ச்சை நிலத்தில் பக்கவாட்டாகப் படுக்க வைத்து எரித்தார். "இப்போது வழக்கம்போல் வேலை செய்யுங்கள்," என்றார். அக்கா மோட்டாரைப் போட்டு ஒரு வளையலைச் சில்லில் பிடித்தார்.

வெளிச்சக் கீற்றுக்குள் சிவப்புப் பனி மிதந்தது. நாங்கள் இத்தனை காலமும் அதற்குள் இருந்து தேநீர் குடித்திருக்கிறோம். அதைவிட மோசமானது கீழே இருந்தது. கிளீனரின் பின்புறத்திலிருந்து ஒரு தூண்போலத் தூசி எழுந்தது. பையில் நிற்காத நுண்ணிய தூசியெல்லாம், நேராக, கதிரையில் இருப்பவரின் முகத்துக்கு.

"இது தூசியை எடுக்கவில்லை, இடம் மாற்றுகிறது," என்றார் அந்தப் பெண், குற்றம் சொல்லாத குரலில்.

தேவன் அண்ணை குனிந்து கிளீனரை நிறுத்தினார். பிறகு என்னிடம் தமிழில், "எப்ப வந்து பூட்டுவினம் எண்டு கேளும்," என்றார்.

பூட்டினார்கள். இரண்டு சில்லுகளுக்கும் கூடு, கூட்டிலிருந்து கீழே குழாய், மேசைக்குக் கீழே இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் வடிகட்டிகளும் காற்றை இழுக்கும் உறிஞ்சியும். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டுமுறை சொன்னார். கருகல் மணம் வந்தால் நிறுத்துங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது மெழுகு ஏறிய பஞ்சு. மூடியிருந்தால் மெல்லப் புகையும். திறந்து காற்றுக் கொடுத்தால் உங்கள் முகத்தில் சுடராக வரும்.

"உள்ளே தங்கம் இருக்கிறதே?" என்று தேவன் அண்ணை கேட்டார்.

"இதை நீங்கள் அனுப்பும் ஆலையில் முதலில் என்ன செய்வார்கள்?"

"எரிப்பார்கள்."

"பிறகு ஏன் கவலைப்படுகிறீர்கள்?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

கோடுகள் குறையத் தொடங்கின. முதலில் வெள்ளிக்கிழமையின் இரண்டாவது வரி இல்லாமல் போனது. பிறகு முதல் வரி பாதியானது. ஒரு புதன்கிழமை, நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை, அக்கா தலை நிமிராமல், "இண்டைக்குக் கருவாட்டுக் குழம்போ?" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"மணக்குது தம்பி!" அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "எத்தினை மாதத்துக்குப் பிறகு, உம்மட கருவாடு எனக்கு மணக்குது!" கருவாட்டுக்கு ஒருவர் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இனி என் பிழை.

அப்போது சாமித்தட்டு இப்போதுபோல் கடை வாசலில் இருக்கவில்லை. மெருகு மேசைக்கு நேர் மேலே இருந்தது. கிழக்குப் பார்த்த சுவர் அது ஒன்றுதான். பிள்ளையார், முருகன், அவர்களுக்குப் பக்கத்தில் அக்கா வைத்த மாதா. காலையில் ஊதுபத்தி கொளுத்திய பிறகுதான் மோட்டார் போடுவோம். கொளுத்துவது என் வேலை. அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார்.

பூட்டிய பெண், கூடு சரியாக இழுக்கிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடிக் குழல்கள் சில தந்துவிட்டுப் போயிருந்தார். நுனியை முறித்தால் குளிர்ந்த புகை வரும். வாயருகில் பிடித்தால் புகை உள்ளே சாயவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பரிசோதனை என்று நான் விதி வைத்தேன். குழல்கள் முடிந்தன. மறுபடி கேட்டு எழுதியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காலையும் என் கையிலேயே புகை இருக்கிறதே! ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை வடிவாக உள்ளே சாய்ந்தது. அக்கா பார்த்துவிட்டு, "பிள்ளையாரும் இப்ப மிசினுக்கு வேலை செய்யிறார்," என்றார். பல வெள்ளிகள் அப்படியே போயின. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வடிகட்டி மாற்ற இரண்டு வாரம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. நவம்பர், வெளியே தூறல். ஊதுபத்தியைக் கூட்டின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன், வழக்கத்தைவிடக் கிட்ட. புகை உள்ளே போனது. கையை எடுத்துப் பார்த்தபோது குச்சியின் நுனியில் நெருப்பு இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: "இழுவை நன்று. ஊதுபத்தி காற்றில் அணைந்தது."

அணைந்ததை நான் காணவில்லை. கண்டது, நுனியில் நெருப்பு இல்லை என்பதை மட்டும். மீதியை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். வேலைக் குறிப்பில் கண்டதை எழுதுங்கள். "நெருப்பைக் காணவில்லை" என்று எழுதியிருந்தால், எழுதும்போதே என் மூளை கேட்டிருக்கும்: அப்படியென்றால் அது எங்கே?

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பட்டறையில் எப்போதும் ஊதுபத்தி மணம் இருந்ததால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அக்கா சில்லிலிருந்து கையை எடுத்தார். மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, இது சாமி மணமில்லை. துணி கருகிற மணம்."

சொல்லிக்கொண்டே மோட்டாரையும் உறிஞ்சியையும் நிறுத்தினார். நான் எழும்பி இரண்டே அடியில் மேசைக்கு வந்து குனிந்தேன். இரும்புப் பெட்டியின் இடுக்கில் ஒரு மெல்லிய புகை. துளசி சொல்லும் கதையில் இந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்று, "ஒருத்தரும் திறக்கக் கூடாது" என்று சொல்கிறேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. நான் கைபிடியைப் பிடித்தேன். பூட்டு நாக்கைப் பாதி தூக்கியும்விட்டேன். அந்தப் பெண் இரண்டுமுறை சொன்னது, நான் சிரித்தது, எழுதி வைத்தது ஒன்றும் நினைவில் இல்லை. தங்கம் உள்ளே எரிகிறது, வெளியே எடு. வேறு எண்ணமே இல்லை. இத்தனை வருடம் கீழே விழுந்த பொடியைக்கூட விரல் நுனியில் ஒற்றி எடுத்த கை, அது தானாகப் போனது.

என் மணிக்கட்டை அக்கா பிடித்தார்.

"கையை எடும்!"

"அக்கா, உள்ளுக்கு இவ்வளவு நாளும் சேர்ந்த தங்கம்..."

"அங்க கொண்டுபோயும் எரிக்கத்தானே போயினம்! இஞ்சையே எரியட்டும். எடும் கையை!"

எடுத்தேன். பூட்டு நாக்கு திரும்பி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"முதலாளியையும் கடையில நிக்கிற ஆக்களையும் வெளியில கூட்டிக்கொண்டு போம். தீயணைப்புக்குப் போன் அடியும். நான் மேல போறன்."

மேலே இரண்டாம் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. முந்திய குளிர்காலத்தில் அக்கா முதலாம் மாடிச் சாமான் அறைக்குப் போகும்போதே பாதிப் படியில் நின்று சுவரைப் பிடிப்பார். இந்த முறை அவருடைய காலடிச் சத்தம் எங்கேயும் நிற்காமல் மேலே போனது எனக்குக் கேட்டது. நான் தேவன் அண்ணையையும், காப்பு பார்க்க வந்திருந்த இரண்டு பேரையும் தெருவுக்குக் கொண்டுவந்து, தொலைபேசியில் முகவரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேல்வீட்டுப் பெண் குழந்தையோடு வாசலில் வந்துவிட்டார். பின்னால் அக்கா, அந்தப் பெண்ணின் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி.

தூறலில் நின்றோம். நான் தேவன் அண்ணையிடம் போய், "ஊதுபத்தி நெருப்பு உள்ளுக்குப் போயிருக்கவேணும். நான்தான் பிடிச்சனான்," என்றேன். அதை மறைக்கவில்லை என்பது மட்டும் அன்றைய நாளில் எனக்கு இருக்கும் ஆறுதல்.  அதற்குப் பதில் சொன்னவர் றெஜினா அக்கா.

"படிச்ச மனுசன், புத்தகம் புத்தகமா வாசிக்கிற மனுசன், பஞ்சுப் பெட்டிக்குள்ள நெருப்பைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர், அதையும் வெள்ளிக்கு வெள்ளி விரதம் மாதிரிக் காட்டியிருக்கிறீர், மாதாவும் பிள்ளையாரும் மேல இருந்து பாத்துக்கொண்டு இருந்தவை எண்டபடியால் இந்தக் குழந்தை தப்பினது..."

அது நீண்டது. ஒரு இடத்திலும் முறியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், ஆனால் என் காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாடி ஏறி இறங்கி வந்து நின்று திட்டுகிறவர் ஒருமுறைகூட இருமவில்லை.

"என்ன சிரிக்கிறீர்? உமக்கு இது பகிடியோ?"

தீயணைப்பு வீரர்கள் பெட்டியை மூடியபடியே கழற்றிப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய்த்தான் நனைத்தார்கள். மேசைக் காலில் கொஞ்சம் கருகல், அவ்வளவுதான். அவர்களில் மூத்தவர் வெளியே வந்து, "பெட்டியைத் திறக்காமல் விட்டது யார்? நல்ல வேலை செய்தீர்கள்," என்றார்.

நான் அக்காவைக் காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் என்னைச் சுட்டிக்காட்டி ஜேர்மனில், "இவர்தான். எங்களை ஒருவரையும் தொடவிடவில்லை," என்றார். மெருகுச் சிவப்பு ஏறிய அந்த விரல். என் சட்டைக் கையில் அதே சிவப்பில் நான்கு விரல் அடையாளம் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிவிட்டேன்.

அன்று மத்தியானம் தேவன் அண்ணை கருகிய மேசையின் முன்னால் நின்றார். "உந்த மிசினைக் கழட்டி எறியப் போறன். பழைய பெட்டி நிலவறையில கிடக்குது. அது ஒரு நாளும் பத்தேல்லை."

 அக்கா தன் விரல் உறைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டி வந்தால் அவருடைய வேலை வசந்தத்தோடு முடிந்தது. அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

தேவன் அண்ணை என் பக்கம் திரும்பினார். "நெருப்பு வைச்சதும் நீர்தான். ஆனா அந்த நேரத்தில புத்தியோட நிண்டதும் நீர்தான். நீர் சொல்லும். இதை வைச்சிருக்கலாமோ?"

எனக்குச் சேராத ஒரு மதிப்பை வைத்துக்கொண்டுதான் நான் பதில் சொன்னேன்: "வைச்சிருக்கலாம் அண்ணை. கழட்டவேண்டியது சாமித்தட்டை."

அவர் அண்ணாந்து சாமித்தட்டைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, பிள்ளையாரை முதலில் இறக்கினார்.

பூட்டிய பெண் மறுபடி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். குறிப்பேட்டை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். "ஒவ்வொரு வெள்ளியும் பார்த்திருக்கிறீர்கள். நான் பூட்டிய இடங்களில் யாரும் இப்படிச் செய்ததில்லை. பரிசோதனை சரி, கருவிதான் பிழை," என்றார். வடிகட்டிக்கு முன்னால் நெருப்புப் பொறி தங்கி அணைவதற்கு ஓர் இரும்புக் கலம் வைத்தார். இன்று நீங்கள் மாதந்தோறும் துடைக்கும் கலம் அதுதான். நனைந்த சாம்பலை அப்படியே ஆலைக்கு அனுப்பினோம். தங்கம் அதற்குள் பத்திரமாகவே இருந்தது.

புகைக்குப் பதில் என்ன என்று நானும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா இழுப்பறையிலிருந்து முத்துக் கோர்க்கும் பட்டு நூலை எடுத்து ஒரு சாண் வெட்டினார். கூட்டின் மேல் விளிம்பில், சில்லுக்கு எட்டாத இடத்தில் முடிச்சுப் போட்டார். உறிஞ்சியைப் போட்டதும் நூல் உள்ளே சாய்ந்தது. "இதுக்கு நெருப்பும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம்," என்றார்.

ஆகவே காலையில் உறிஞ்சியைப் போட்டு, மோட்டார் போடும் முன் அந்த நூலைப் பாருங்கள். சாய்ந்தால் வேலையைத் தொடங்குங்கள். தொங்கினால் தொடங்காதீர்கள், முதலாளி அவசரப்படுத்தினாலும்.

வசந்தத்தில் வைத்தியர் அக்காவை ஒரு குழலுக்குள் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தொடரலாம்," என்றார். அக்கா தன் வயது வரும்வரை அந்த மேசையில் இருந்து, தன் விருப்பத்தில் எழுந்து போனார்.

இதை எழுதலாமா என்று கேட்பதற்காக, போன ஞாயிறு பூசை முடியும் நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பழக்க தோசத்தில் முன்னால் தாளும் பென்சிலும். கிழமையை எழுதிவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன். கோயில் நூல் கதையை முதலில் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு ஏன் நான் எண்டு சொன்னனீங்கள்? என்னில இரக்கப்பட்டோ?" இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நன்றியோடுதான் நினைத்திருந்தேன்.

"இரக்கமோ! அண்டைக்கு இருந்த கோவத்துக்கு உம்மைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள்ள போட்டிருப்பன். அந்த மிசினுக்காக நிண்டு சண்டை பிடிச்சது நீர், நீர் விசரன் எண்டு முதலாளிக்குத் தெரிஞ்சா மிசினும் விசர் மிசின் எண்டு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், நான் அதுக்கு முன்னால இருந்து இருமி இருமிச் செத்திருப்பன், நான் சொன்னது உமக்காக இல்லைத் தம்பி, என்ர நெஞ்சுக்காக, எழுதும், வடிவா எழுதும், கைபிடியில ஆற்ற கை இருந்தது எண்டும் எழுதும், நூல் என்ர நூல் எண்டும் எழுதும், கோயில் நூலாம் கோயில் நூல், பிள்ளையளுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கிறியள்!"

"ஓம் அக்கா," என்றேன். வேறு சொல்ல அவர் இடம் தரவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு தாளைப் பார்த்தேன். "ஞாயிறு" என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை.